குட்டானின் கடைசிப் படம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்தேகமான மெயில்களை மென்பொருள் பிடித்துத் தனியே அடைத்துவைக்கும். நல்லதை விடுவித்து, கெட்டதை அழிப்பது அவள் வேலை. பரிசு விழுந்தது, பார்சல் வந்தது என்று தினமும் அதே குப்பை. அருவருப்புகூட மரத்துப்போயிருந்தது.

ஒருநாள் ஸ்டோர்காரர் வந்து நின்றார். அவருடைய தம்பி விபத்தில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“எனக்கு வந்த மெயில் உங்கிட்ட மாட்டிக்கிட்டிருக்காம். தம்பியோட கடைசி போட்டோவாம். விட்டுரும்மா.”

தேடி எடுத்தாள். ‘குட்டானின் கடைசிப் படங்கள்’ என்று தலைப்பு. கூடவே இணைத்து அனுப்பிய ஒரு கோப்பு. அனுப்பியது தம்பியின் நண்பனாம். முகவரியோ வாயில் நுழையாத எழுத்துக் குவியல்.

“வேண்டாண்ணே. இது ஏமாத்து வேலை.”

“குட்டான்னு வீட்ல மட்டுந்தான் கூப்பிடுவோம். வெளியாளுக்கு எப்படித் தெரியும்? என் தம்பி போட்டோவத்தானே கேக்கறேன், உங்கப்பன் சொத்தையா கேக்கறேன்?”

அவள் எழுந்தாள். வேறெந்தக் கணினியோடும் இணைக்காமல் மூலையில் கிடந்த சோதனைக் கணினிக்கு அவரை அழைத்துப்போய், அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றித் திறந்தாள்.

தம்பி சிரித்தபடி திரையில் வந்தான். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். அதற்குள் அந்தக் கணினியிலிருந்த கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. கடைசியில், சிரித்த முகத்தின் மேலேயே பணம் கேட்டு ஒரு மிரட்டல் விழுந்தது.

“இது என் வீட்டுக்காரி ஃபேஸ்புக்ல அஞ்சலின்னு போட்ட படம்,” என்றார் மெதுவாக. “அதுலதான் குட்டான்னு எழுதினா.”

அவளுக்குப் புரிந்தது. எவனோ எங்கோ உட்கார்ந்து, அழுதவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்து, எந்தச் சொல் நெஞ்சைத் தொடும் என்று பொறுக்கியிருக்கிறான்.

“எழவு வீட்லயுமா திருடுவானுங்க?”

“எழவு வீடாப் பாத்துத்தாண்ணே வருவானுங்க. எரியற வீட்ல புடுங்கினது லாபம்.”

“அழிச்சிரு,” என்றார், திரையைப் பார்க்காமல்.

தன் மேஜைக்குத் திரும்பி அழித்தாள். பட்டியலின் அடுத்த வரியில் அதே முகவரியிலிருந்து இன்னொன்று இருந்தது. கேன்டீன் அக்காவுக்கு, போன வாரம் இறந்த அவர் அம்மாவின் பெயரில். அவள் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“நான் போய்ச் சொல்றேன். நீ சொன்னா நம்பமாட்டாங்க. நானே நம்பலையே.”