எந்தோரில் ஒரு துண்டு அப்பம்

"சூரியன் வர்றதுக்குள்ள இவளை முடிச்சிடணும். சொன்னா கேளு."

"ராஜா சத்தியம் பண்ணியிருக்காருடா. இவ உசுருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கடவுள் பேரைச் சொல்லிப் பண்ணியிருக்கார்."

"அவர் பண்ணாத சத்தியமா? பெத்த பையனையே கொல்றேன்னு ஒருதரம் சத்தியம் பண்ணிட்டு, அப்புறம் விட்டவர்தானே."

"உன் வாய் இருக்கே, அதுதான் உன்னை ஒருநாள் கொல்லப்போவுது."

"நானும் வாயைப் பத்திதான் சொல்றேன். இவ வாயைத் திறந்தா என்ன ஆவும்? ராஜா செத்தவனைக் கூப்பிட்டுக் குறி கேட்டாருன்னு தெரிஞ்சா எவன் ஈட்டியைத் தூக்குவான்?"

வாசலில் நின்று சண்டை போட்ட இருவரும் ராஜாவின் காவலாட்கள். கொல்லணும் என்றவன் எத்னான். தடுத்தவன் யாமின். அவர்கள் பேசியது உள்ளே இருந்த நாராளைப் பற்றி. அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

ராஜா அவள் வீட்டுத் தரையில் குப்புறக் கிடந்தார். செத்தவர்களை எழுப்பிக் குறி சொல்கிறவர்களைத் தேடித் தேடிக் கொன்றவரே அவர்தான். நாராளும் அப்படிக் குறி சொல்கிறவள்தான்; அவள் அக்காள் அந்தக் கட்டளையில்தான் செத்தாள். இப்போது எதிரிகளான பெலிஸ்தரின் படை எதிரே இறங்கிவிட்டது. கடவுளிடம் கேட்டார், கனவில்கூடப் பதில் வரவில்லை. யாரோ ஒருவன் போல உடுத்திக்கொண்டு எந்தோர் ஊருக்கு வந்து நாராளின் கதவைத் தட்டினார். செத்துப்போன தீர்க்கதரிசியை எழுப்பச் சொன்னார். எழுந்து வந்த கிழவர், நாளைக்கு ராஜாவும் பிள்ளைகளும் சாவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குக் கதவு ஒன்றுதான். ஓட முடியாது. நாராளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஒரு வீட்டு அப்பத்தை உப்புத் தொட்டுத் தின்றவன் அந்த வீட்டார்மேல் கை வைக்க மாட்டான். வைத்தால் சொந்தக் கோத்திரமே அவனை ஒதுக்கிவிடும்.

வீட்டுக்குள் கட்டி வளர்த்த கன்று ஒன்றே ஒன்று இருந்தது. அறுத்துக் கறியைச் சட்டியில் வேக வைத்தாள். மாவு புளிக்க நேரமில்லை, அப்படியே பிசைந்து சுட்டாள்.

"எந்திரிங்க ராஜா. நேத்துலேர்ந்து பட்டினியாமே."

"வேண்டாம்."

"நீங்க கேட்டதை உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு செஞ்சேன். நான் கேக்குறது ஒரு வாய்தான்."

"சாவப் போறவனுக்கு எதுக்குச் சாப்பாடு?"

"சாவப் போற இடத்துக்கும் நடந்துதானே போவணும். காலுக்குத் தெம்பு வேணாமா?"

உள்ளே வந்த எத்னான் சிரித்தான். "பாசம்னு நெனைக்காதீங்க ராஜா. உப்பைத் தின்ன வெச்சுத் தப்பிக்கப் பாக்குறா."

நாராள் உப்பை ராஜா பக்கம் நகர்த்தினாள். மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஆமா ராஜா. பயமாத்தான் இருக்கு."

ராஜா எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அப்பத்தைப் பிட்டு, உப்பில் தொட்டு, வாயில் போட்டார். அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் இன்னொரு துண்டும் பிட்டார்.

"என் சத்தியம் நாளைக்கு என்னோட போயிடும். அப்புறம் அதை யாரு மதிப்பாங்க? இந்தா எத்னான், நீயும் தின்னு."

"எனக்குப் பசிக்கல ராஜா."

"பசிக்குதான்னு நான் கேக்கல."

எத்னான் தின்றான். அவன் விழுங்கி முடிக்கும்வரை ராஜா அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாமின் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தான்.

இனி அவள் உயிருக்குப் பயமில்லை. கடமைக்கு நின்றிருந்தால் போதும். ஆனால் நாராள் சட்டிக்குள் தேடி, நல்ல கொழுப்புள்ள துண்டாக ஒன்றை எடுத்து ராஜா பக்கம் தள்ளி வைத்தாள். அவரும் அதை எடுத்துத் தின்றார். விடியுமுன் மூவரும் போனார்கள்.

அக்காளைக் கொல்லச் சொன்னவருக்கு அந்தத் துண்டை அவள் ஏன் தேடி எடுத்து வைத்தாள்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்களாக இருந்தால் வைத்திருப்பீர்களா? மனதில் பட்டதைக் கீழே எழுதுங்கள்.