பிளக்கைப் பிடுங்கிய பிறகு

எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, பழைய வால்வு வாங்குவது. இன்னொன்று, அதைப் பற்றி வீட்டில் பொய் சொல்வது. முதல் பழக்கம் எங்கள் ஊர் நல்லேப்பிள்ளி முழுக்கத் தெரியும். நெல்லும் தென்னையும் வைத்துப் பிழைக்கிற மோகனசுந்தரம், அந்தக் காலத்து ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குமிழ்களுக்காக ஊர் ஊராக அலைகிறான் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயரில் ஒரு நாதஸ்வர ரிக்கார்டை ஓடவிட்டால், வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அதைக் கேட்காத ஆட்களோடு எனக்கு வாதமே கிடையாது.

இரண்டாவது பழக்கம்தான் போன ஆயுத பூஜையன்று என் மனைவி செல்வப்பிரியாவின் உயிரைக் கேட்டது.

முதல் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது அவள் பயந்தாள். குமிழ்கள் உள்ளே சிவந்து எரிவதைப் பார்த்துவிட்டு, ஷாக் அடிக்குமா என்று கேட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் இது வெறும் தகரப் பெட்டி, மாவாட்டும் கிரைண்டரை விட சாது என்று சொன்னேன். அது பொய். பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்று கட்டைவிரல் பருமனில் நாலு டப்பாக்கள் இருக்கின்றன. அவை கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலும் சேர்த்தது போகாது. அதை மெல்ல வடியவிடுவதற்கென்றே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், எரியும் வால்வுகளும் கொஞ்சம் குடித்துவிடும். உண்மையைச் சொன்னால் அறையில் வைக்க விடமாட்டாள் என்று பயந்து பொய் சொன்னேன். பதினோரு வருடமாக அதைத் திருத்தவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரெசிஸ்டர் கருகியிருந்தது, வெட்டி எடுத்தேன். வால்வுகளையும் கழற்றி வைத்துவிட்டு, வோல்டேஜ் பார்ப்பதற்காக ஒரு தடவை பிளக்கைச் செருகினேன். மீட்டரில் நானூற்று எண்பது காட்டியது. அந்த நேரம் பார்த்து மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியிலிருந்து யாக்கோபு ஃபோனில் கூப்பிட்டான். தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீசியன், என் வயசுக்காரன், என்னைப் போலவே வால்வுப் பைத்தியம். பழைய பங்களா ஒன்றின் பரணிலிருந்து ஈ.எல். 34 வால்வு நாலு கிடைத்திருக்கிறது, இங்கிலாந்துச் சரக்கு, உடனே வந்தால் உனக்கு என்றான். என் கை தானாகப் பிளக்கைப் பிடுங்கியது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே காரை எடுத்தேன். நோம்பி நாளில் கூடவா என்று செல்வப்பிரியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பூஜை நேரத்துக்கு வந்துவிடுவேன், நீ எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடு என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று டிராக்டர், மோட்டார், அரிவாள், மிக்ஸி, தையல் மிஷின் எதுவும் பொட்டு இல்லாமல் இருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து மூன்று விரலில் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைப்பாள். எதையும் விடமாட்டாள்.

யாக்கோபின் குவார்ட்டர்ஸில் பத்து மணிக்கு உட்கார்ந்தேன். தேயிலைத் தூள் நிரப்பிய டப்பாவிலிருந்து ஒவ்வொரு வால்வாக எடுத்து ஊதினான். அவன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஒரு ரிக்கார்டைக் கேட்டோம். பாடுகிற அம்மாளின் குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் அவன் பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் கவிழ்த்தான். அடிப்பக்கத்தைப் பார்க்கும் ஆசையில் நான் விரலை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கைய எடு. அதுக்கு இன்னும் உசுரு போகல."

ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, மறு கையில் ஸ்க்ரூ டிரைவரால் கெப்பாசிட்டரைத் தொட்டு வடித்தான். இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும் என்பது வால்வுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்போதுதான் என் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கும் பெட்டி நினைவுக்கு வந்தது. வால்வு இல்லை. ரெசிஸ்டர் இல்லை. கெப்பாசிட்டரோ போன மாசம் போட்ட புதுசு. உள்ளே போன நானூற்று எண்பது வெளியேற வழியே இல்லாமல் அப்படியே இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள்கூட இருக்கும்.

யாக்கோபு வீட்டில் ரேஞ்ச் இல்லை, மழையில் டவர் போய்விட்டதாம். வால்வுகளைக்கூட எடுக்காமல் ஓடி வந்து காரில் ஏறினேன். பூஜை லீவுக்கு வந்த சனம் பூராவும் மாட்டுப்பட்டி ரோட்டில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை அன்று திட்டின திட்டை எழுத முடியாது. மூணாறு டவுனுக்குள் வந்ததும் ரேஞ்ச் கிடைத்தது. செல்வப்பிரியாவைக் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அவளுடையது பட்டன் ஃபோன். மெசேஜ் வந்தால் விளம்பரம் என்று திறந்தும் பார்க்கமாட்டாள். ஃபோனைச் சமையலறையில் வைத்துவிட்டு எங்கேயோ துடைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கே என்பதுதான் கேள்வி.

பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ண மாமாவைக் கூப்பிட்டேன். நிதானமான மனுஷன். அன்று அந்த நிதானமே எனக்கு எமனாகத் தெரிந்தது. இப்போதுதான் உங்கள் வீட்டுப் பக்கமிருந்து வருகிறேன் என்றார்.

"மெயினை அமத்திப்போட்டுத்தான் புள்ள தொடச்சுட்டிருக்குது. நீ எதுக்குப்பா இப்படிப் பதர்ற?"

"மெயினை அமத்துனாப் பத்தாதுங்க மாமா. என்ற ரூமுக்குள்ள பெட்டி ஒண்ணு கவுந்து கெடக்குதுங்க. அதத் தொட வேண்டாம்னு உடனே போய்ச் சொல்லுங்க."

என்ன பெட்டி என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் பிஸி, அப்புறம் ரேஞ்சே இல்லை.

மறையூர் தாண்டி சின்னார் காடு. அந்தக் காட்டில் ஒரு மணி நேரம் ஃபோன் செத்துக் கிடக்கும். செக்போஸ்டில் வாட்சர் டிக்கியைத் திறக்கச் சொல்லி மெதுவாகப் பார்த்தார். என் அவசரத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகப் பார்த்தார். அப்புறம் வளைவுக்கு வளைவு ஒரே காட்சிதான் என் கண்ணில். ஈரத் துணியோடு ஒரு கை தகரப் பெட்டியின் விளிம்பைப் பிடிக்கிறது. இன்னொரு கை சந்தனத்தோடு உள்ளே போகிறது. நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அந்தக் கை போகிறது. நான் சத்தமாக அழுதேன். சாமியிடம் பேரம் பேசினேன். வால்வு எல்லாவற்றையும் உடைத்துப் போடுகிறேன் என்று அங்கேயே சத்தியம் பண்ணினேன்.

காடு முடிகிற ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஃபோனுக்கு உயிர் வந்தது. இனி நான் சொல்லப்போவதுதான் கேவலம். கூப்பிட எனக்குக் கை வரவில்லை. கூப்பிட்டால் தெரிந்துவிடும். தெரியாதவரை அவள் உயிரோடு இருக்கிறாள். உடுமலை நெருங்கும்போது ஃபோன் அடித்தது. அவள் நம்பர்தான். அவள் ஃபோனிலிருந்து வேறு யாராவது பேசினால்? பொங்கியண்ண மாமாவின் குரல் கேட்டால்? அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். பொள்ளாச்சிக்குள் மறுபடி அடித்தது. கோபாலபுரத்தில் இரண்டு தடவை. பக்கத்து சீட்டில் ஃபோனைக் குப்புறப் போட்டுவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

எங்கள் வாசலில் கூட்டம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். டிராக்டர் மாலை போட்டு நின்றது. செல்வப்பிரியா வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம், நெற்றியில் குங்குமம். நான் அவள் தோளைப் பிடித்தேன், கையைப் பிடித்தேன், இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தேன்.

அறைக்கு ஓடினேன். பெட்டி துடைத்துப் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. நாலு மூலையிலும் பொட்டு. உள்ளே, கெப்பாசிட்டரின் நீலப் பிளாஸ்டிக் உறை மேலும் ஒன்று. அந்தச் சந்தனத்துக்கும் முனைக் கம்பிக்கும் நடுவில் ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை.

அவள் என் பின்னாலேயே வந்து நின்றாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையைத் தொட்டேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நீலப் பொறி பறந்து ஸ்க்ரூ டிரைவர் நுனி கருகியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குங்குமம் படிந்த மோதிர விரலைப் பார்த்தாள், அதை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

மாமா வந்து உங்கள் ரூமில் ஏதோ பெட்டியைத் தொட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார், எந்தப் பெட்டி, ஏன் என்று அவருக்கே தெரியவில்லை என்றாள். பொட்டு வைக்காமல் ஒன்றை மட்டும் விட மனசில்லை, வைக்கவும் தைரியம் வரவில்லையாம். ஒரு கையில் சந்தனக் கிண்ணத்தோடு இந்தக் கதவருகே வெகு நேரம் நின்றிருக்கிறாள். நீங்கள் எடுக்கவே இல்லை, பெரிய விஷயமாக இருந்தால் எடுத்திருப்பீர்கள் என்று வைத்துவிட்டேன் என்றாள்.

"நாலு தடவை கூப்பிட்டனுங்க. வண்டி ஓட்டிட்டிருந்தீங்களா?"

பொய் சொல்ல எல்லா வசதியும் இருந்தது. இந்த ஒரு தடவை என்னால் முடியவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"எனக்கும் பயமாத்தானுங்க இருந்துது. அதுக்குத்தான் கூப்பிட்டனுங்க."