பட்டை முறியும் வரை

ஆயுத பூஜை. மைசூர்ப் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒன்றைத் தவிர எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. அது கண்ணாடி இழை கலந்த நைலான் பட்டை ஒன்றை மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க அம்மிணி,” என்றார் கூடத்து உதவியாளர் கெம்பையன். கையில் பூசணிக்காய். “ஓடுற மிஷினுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?”

“நிறுத்துனா பட்டை ஆறிப்போயிருமுங்கண்ணா. மறுபடி மொதல்ல இருந்து ஓட்டோணும்,” என்றாள் பூங்குழலி.

அவளுடைய ஆய்வுப் பட்டமே அதில் இருந்தது. எத்தனை முறை வளைத்தால் பட்டை அயர்ந்து முறியும் என்று தெரிய வேண்டும். மின்வெட்டுக்கு முன் முடித்துவிட நினைத்து இதுவரை வேகமாக ஓட்டினாள். வேகத்தில் பட்டை உள்ளுக்குள்ளேயே சூடேறி, இளகித் துவண்டது. அது அயர்ச்சி அல்ல. எல்லாப் பட்டைகளும் அப்படியே வீணாயின.

தசராவுக்கு மைசூரில் மின்சாரம் போகாது. அதனால் இப்போது மெதுவாக ஓட்டுகிறாள். நாளை ஊர்வலம். அதன்பின் மின்வெட்டு திரும்பிவிடும்.

கெம்பையன் பூசணிக்காயைக் கீழே வைத்தார்.

“சரி. பட்டை ஒடையட்டும். அப்பறம் பொட்டு, அப்பறம் பூசணிக்காய், அப்பறம் பொரி.”

“பொரியும் அப்பறந்தானா?” என்றார் கல்லூரிப் பேருந்து ஓட்டும் காளிதாஸ்.

“பூஜை முடியாம திம்பீங்களா?”

உட்கார்ந்தார்கள். பொரித் தட்டைச் செய்தித்தாள் மூடியிருந்தது.

“மேடம், ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்க,” என்றார் காளிதாஸ்.

“ஏத்துனா பட்டை வெந்துருமுங்க.”

“வெந்தா திங்கலாமா?”

பூங்குழலியும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவள் கை வேகம் கூட்டும் திருகு வரை போனது.

“கைக்கும் பசிக்குதுங்களா அம்மிணி?” என்றார் கெம்பையன்.

கையை எடுத்துக்கொண்டாள். வெப்பமானியைப் பார்த்தாள். பட்டை அறையைவிடச் சற்றே சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

பிற்பகலில் ‘டக்’ என்றது. இயந்திரம் தானாக நின்றது.

அவள் ஓடிப்போய்த் துண்டுகளைக் கழற்றினாள். துவளவில்லை. முறிந்த இடம் வறண்டிருந்தது. இழைகள் மழிக்காத தாடிபோல் நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணா, அயர்ந்துதான் முறிஞ்சிருக்குது!”

“நாங்களுந்தான் அயர்ந்துட்டோம்,” என்று காளிதாஸ் செய்தித்தாளை விலக்கினார்.

கெம்பையன் அவர் கையைத் தட்டிவிட்டு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தார். பிறகு குங்கும விரலோடு துண்டுகளிடம் வந்தார். முறிந்த முனையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூங்குழலி அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறுமுனையை நீட்டினாள்.