பர்னபாஸ் ஊற்றிய எண்ணெய்

1

இந்தக் கதை என் கைக்கு வந்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. மில்லர்புரத்தில் செந்தில்வேலின் ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தேன். டீ வந்தது. "யாருகிட்டயும் சொல்லிராதீங்க சார்" என்று அவன் ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிற பேச்சுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் எழுத்தாளனை நான் பார்த்ததில்லை. பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன், அவன் பெயர் உட்பட. அதனால் என் மனசாட்சி சுத்தம் என்று சொல்ல வரவில்லை.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

'பர்னபாஸுக்குக் கார் என்றால் உயிர்.' (பொய். கார் தேவைப்பட்டது அவர் மனைவி பிளாரன்ஸின் முழங்காலுக்கு. பஸ் படி ஏற அவளால் முடியவில்லை.)

'பர்னபாஸ் ஒரு மொடாக்குடியர். அன்றைக்கும் அவர்' (அடித்துவிட்டேன். குடிகாரராக்கினால் எனக்கும் உங்களுக்கும் வேலை சுலபம். மனுஷன் கிறிஸ்துமஸுக்குக் கூடத் தொடாதவர்.)

'விசைப்படகு எஞ்சின் வேலையில் பர்னபாஸை மிஞ்ச மீன்பிடித் துறைமுகத்தில் ஆள் கிடையாது.' இது நிற்கட்டும். கேடு இதற்குள்தான் இருக்கிறது.

3

முப்பது வருஷம் அவர் படகு எஞ்சின்களுக்குச் சத்தத்தை வைத்தே நோய் சொன்னவர். அதனால் பதினேழு வயசான வெள்ளைக் காரை நாலாவது கையாக வாங்கியபோது, அதை எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அனுப்பவில்லை.

"நடுக்கடல்ல மக்கர் பண்ணுன எஞ்சினயே கெளப்பிக் கொண்டாந்தவன். இந்தத் தீப்பெட்டிக்கு எவன்கிட்ட போயி நிக்கணும்?"

"பெரும பேசுனது போதும், கைய கழுவிட்டு வாரும். சோறு ஆறுது" என்பாள் பிளாரன்ஸ்.

ரேடியேட்டரை அடைத்தார். சைலன்சரைக் கட்டினார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நோய் தீர்ந்தது. மகள் ஸ்டெபி லைசென்ஸ் எடுத்தாள், அம்மாவை முன் சீட்டில் வைத்து ஊரைச் சுற்றினாள். அந்த வீட்டில் அப்போது சந்தோஷம் இருந்தது. அதை நான் சொல்லாமல் விட்டால் துரோகம்.

ஒரு காலையில் அவர் பானட்டைத் திறந்தபோது பிரேக் ஆயில் குறைந்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில், படகில் வலை இழுக்கும் வின்ச்சுக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில் கேன் இருந்தது. பிரேக்கும் ஹைட்ராலிக்தானே என்று நினைத்தார். நிறைய ஊற்றினார்.

[படகுக்குப் பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைத்து ரிவர்ஸ் போட்டால் நிற்கும். முப்பது வருஷத்தில் அவர் கை திறந்தே பார்க்காத ஒரே சாமான் பிரேக். அந்த எண்ணெய் பிரேக்குக்குள் இருக்கிற ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பது கார் மெக்கானிக்குகளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.]

4

ஒன்பதாம் நாள், ஸ்டெபி அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினாள். மேம்பாலத்தின் இறக்கத்தில் வேகம் கூடியது. கீழே ஒரு உப்பு லாரி நின்றுகொண்டிருந்தது. பிளாரன்ஸ் "ஏளா" என்று

இந்த இடத்தை இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிளாரன்ஸ் இறந்துபோனாள். ஸ்டெபிக்கு நெற்றியில் நாலு தையல். இவ்வளவு போதும்.

முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டதால் பிரேக்கைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. கவனக்குறைவு என்று ஸ்டெபி மேல் வழக்கு. 'பொட்டப்புள்ள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்' என்று தெரு தீர்ப்பே எழுதிவிட்டது. அவளும் அதை நம்பத் தொடங்கினாள்.

"பிரேக்கத்தான் மிதிச்சேன்னு நெனைக்கேன்ப்பா. ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டேனோ என்னவோ. எனக்கே தெரியல."

5

காரைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், உருப்படியான பாகங்களைக் கழற்ற செந்தில்வேலிடம் விட்டார்கள். பின்சக்கரத்தைத் திறந்த அவன் பர்னபாஸைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இந்த ரப்பரப் பாருங்க. ஊறி உப்பிப்போயி கெடக்கு. இது பிரேக் ஆயிலே இல்ல. யாரு ஊத்துனா?"

பர்னபாஸ் அதை விரலில் தொட்டு முகர்ந்தார். வாடை அவருக்குத் தெரிந்த வாடை.

"முன்னால வச்சிருந்தவன் ஊத்திருப்பான்."

"இது ஊத்தி ஒரு மாசம்கூட ஆயிருக்காது அண்ணாச்சி."

அவர் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்குத் தெரிய வேண்டாம்லே" என்றார்.

6

முடிவு அ: செந்தில்வேலே போய் ஸ்டெபியிடம் சொல்லிவிடுகிறான். (மாட்டான். வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த வாக்கை என்னிடம் மட்டும்தான் மீறினான்.)

முடிவு ஆ: பர்னபாஸ் கோர்ட்டில் எழுந்து நிற்கிறார். 'ஐயா, என் மகள் மேல் குற்றமில்லை, நான்தான்' (இதற்கு மேல் ஓடவில்லை. ஜெயிலுக்குப் பயப்படுகிற ஆளாக அவரை எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெண்டாட்டி போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் மகளும் முகத்தில் விழிக்கமாட்டாள். அவருக்கு மிச்சமிருக்கிறது அவள் ஒருத்திதான்.)

எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. எழுத எழுத இரக்கமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் கதை நகராது.

7

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற நேரம். சாமியார் உட்கார்ந்திருக்கும் கூண்டுக்கு முன்னால் வரிசை. ஸ்டெபிக்குப் பின்னால் பர்னபாஸ். அம்மா போன நாளிலிருந்து ஏழு மாதமாக இந்தப் பக்கமே வராதவள், இன்றைக்கு அவளாகவே கிளம்பி வந்திருக்கிறாள்.

"இன்னைக்கு வேண்டாம்ளா. வீட்டுக்குப் போவோம்."

"இல்லப்பா. அம்மைய நான்தான் கொன்னேன்னு சாமிகிட்ட வாயத் தொறந்து சொல்லிட்டேன்னா, கொஞ்சமாவது தூக்கம் வரும்."

அவளுக்கு முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருவர். பர்னபாஸ் அவள் தோளைத் தொடக் கையை உயர்த்தினார். கை பாதியில் நிற்கிறது. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், இறக்கவும் மனமில்லை, தொடவைக்கவும் துணிவில்லை.

செந்தில்வேலுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்ததால் உங்களுக்கும் தெரியும். தெரியவேண்டியவளுக்கு மட்டும் தெரியாது. அவர் அடுத்துச் செய்யப்போவதை நீங்கள்தான் சொல்லவேண்டும். கொஞ்சம் சீக்கிரம். முன்னாலிருந்தவர் எழுந்து போய்விட்டார், ஸ்டெபி முழங்கால் போடுகிறாள்.