ரம்லாவின் செல்கள் தோண்டிய குழிகள்

மலேசியாவின் கோத்தா பாரு நகரில், எலும்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் நிக் சுரயா எட்டு மாதமாக ஒரு குழியைத் தேடிக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை வில்லைகளாகச் செயற்கை எலும்பை அவளே சுட்டெடுத்தாள். உடைந்த தாடையில் அதை வைத்து அடைத்தால் மட்டும் போதாது. எலும்பைத் தின்னும் செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சொந்த எலும்பு வளர இடம்விட வேண்டும். ஏழு முறை செல்களை வில்லைமேல் வளர்த்துப் பார்த்தாள். ஏழு முறையும் வில்லை வழவழவென்றே இருந்தது. வில்லை அவ்வளவு இறுகிப்போகாமலிருக்க, எட்டாவது முறை சூளையின் சூட்டை இருநூறு டிகிரி குறைத்தாள்.

அந்தச் செல்கள் ரத்தத்திலிருந்து வளர்பவை. இம்முறை ரத்தம் கொடுத்தவள் கேன்டீனில் நாசி கெராபு என்ற நீலச் சோறு விற்கும் ரம்லா; எல்லாருக்கும் 'மாக் சிக்', அதாவது அத்தை. "என் ரத்தம் என்ன பண்ணுது?" என்று மூன்று வாரமாகக் குடைந்தவள், அளக்கும் நாளன்று ஈரக்கையோடு வந்து நின்றாள்.

சுரயா செல்களைக் கழுவி அகற்றிவிட்டு வில்லையை நுண்ணோக்கியில் வைத்தாள். திரை முழுக்க வெறும் வெள்ளை. மெல்ல நகர்த்தினாள். ஒரு பள்ளம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஆறு போல வளைந்து வளைந்து போகும் ஒரு தடம்.

அவள் ரம்லாவிடம் திரும்பினாள். "இருங்க, வெறும் திரவத்துலயே கரைஞ்சிருக்கலாம்." செல் இல்லாமல் அதே திரவத்தில் ஊறிய வில்லையை எடுத்து வைத்தாள். ஒரு பள்ளம்கூட இல்லை.

"அப்போ இதெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதான், மாக் சிக். அந்த முதல் பள்ளம் ஒன்பது மைக்ரான் ஆழம். தலைமுடித் தடிமன்ல எட்டுல ஒரு பங்கு."

"பல்லில்லாமயா?"

"பல்லேது? அப்படியே ஒட்டிக்கும், அடியில அமிலத்தை விடும். தின்னுட்டு நகர்ந்துடும்."

"யா அல்லா! எனக்குக் கோழியெலும்பைக் கடிச்சாலே தாடை வலிக்குது. இது கல்லையே தின்னிருக்கே!" ரம்லா குரலைத் தாழ்த்தினாள். "எனக்குள்ளயும் இப்படித்தானா?"

"இந்த நிமிஷமும். இது தின்னத் தின்னப் பின்னாலயே வேற செல் வந்து கட்டும். பத்து வருஷத்துல பெரும்பாலும் புது எலும்பாயிடும்."

ரம்லா தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கேன்டீனிலிருந்து ஃபோன் அடித்தது. "பசிச்சவங்க கொஞ்சம் பொறுக்கட்டும்" என்று அணைத்துவிட்டாள்.

சுரயா அளக்க உட்கார்ந்தாள். நூற்றுப் பதினேழு குழிகள். ஒவ்வொன்றுக்கும் பரப்பு, ஆழம். அந்த வளைந்த தடத்துக்கு வந்தபோது அளக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத் தோண்டிய செல் கழுவிய நீரோடு போய்விட்டது. கண்ணில்லாத அது, எதைத் தொட்டுணர்ந்து அங்கே திரும்பியதோ!

மறுநாள் அதே சூட்டில் இருபது வில்லைகளைச் சுடப்போட்டாள்.