புதன்கிழமைக் கையெழுத்து

புனேயை ஒட்டிய போசரியில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் அந்தப் புதன்கிழமை மத்தியானம் நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேஜை நிறைய ரெஜிஸ்டர்கள். நடுவில் ஒரு தட்டு வடாபாவ், ஒரு டம்ளர் நிறையப் பேனாக்கள். வெள்ளிக்கிழமை ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழுக்கான ஆடிட். ஆறு மாதமாக யாரும் திறக்காத ரெஜிஸ்டர்களை, வாரம் தவறாமல் எழுதியது போல ஆக்கியாக வேண்டும். ஒரே பேனாவில் எழுதினால் ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் விதவிதமான பேனாக்கள் வாங்கி வருவது, அளவுக் கருவிகளைச் சரிபார்த்து ரெஜிஸ்டர் எழுத வேண்டிய குவாலிட்டி பிரிவுக் காசிமின் பொறுப்பு. வாணியம்பாடிக்காரரான அவர் இந்தப் பொறுப்பில் மட்டும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

"சாமி, ஏப்ரல் வரிக்கும் புளூ போடு, மே மாசத்துக்கு இந்த பிளாக் எடுத்துக்க. நடுவுல ஒரு வாரம் மை தீந்த மாதிரி மங்கலா எழுது. அப்பதான் நெஜம் மாதிரி இருக்கும்" என்றார் காசிம்.

"தெரியும் காசிம் பாய். எத்தனை வருஷமாப் பண்றேன்" என்று அலுப்போடு பேனாவை வாங்கிக்கொண்டார் ஜம்புநாதன்.

ஜம்புநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்சக்கரம் செய்யும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவர் ஒருத்தர்தான். ஒன்பது வருடமாக வரைந்த இரண்டாயிரத்து அறுநூறு டிராயிங்குகளும் அவர் அறையிலுள்ள சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. முதலாளி அறைக்கு அடுத்தபடியாக ஏ.சி. வைத்த அறை அதுதான். சாவி அவர் இடுப்பில்.

போசரியில் வியாழக்கிழமை மின்சாரம் இருக்காது. வார விடுமுறையும் அன்றுதான். ஆகவே புதன்கிழமை சாயங்காலம் டிராயிங்குகளையெல்லாம் ஒரு டேப்பில் நகல் எடுத்துவிட்டு சர்வரை அணைக்க வேண்டும். ரெஜிஸ்டரில் அதற்கு இரண்டு கட்டங்கள். 'நகல் எடுக்கப்பட்டது' என்பது ஒன்று. 'டேப்பைத் திறந்து சரிபார்க்கப்பட்டது' என்பது இன்னொன்று. முதல் வேலைக்கு டேப்பைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாவதற்கு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மறுநாள் விடுமுறை என்றிருக்கும் சாயங்காலத்தில் யார் உட்காருவார்கள்? கையெழுத்து மட்டும் இரண்டு கட்டத்திலும் விழுந்துகொண்டிருந்தது. ஆடிட்டர் அதைப் பார்த்து 'வெரி நீட்' என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

இதெல்லாம் 2008 ஜூனில் நடந்தது. ஆகஸ்டில் முதலாளி ராஜ்வாடே மும்பையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து அவர் வாயில் 'கிளவுட்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இனிமேல் கம்பெனிகள் சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ளாதாம். மின்சாரம் வாங்குவது போல, வேண்டிய அளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுமாம். ரஞ்சன்காவில் புதிதாகத் தொடங்கிய யூனிட்டுக்கு டிராயிங்கை சி.டி.யில் போட்டு ஜீப்பில் அனுப்புகிற வேலை மிச்சம். இங்கே திருத்தினால் அடுத்த நிமிடம் அங்கே தெரியும்.

ஜம்புநாதனுக்கு இதில் ஒன்றுதான் காதில் விழுந்தது. சொந்த சர்வர் வேண்டாம் என்றால் சர்வர்க்காரனும் வேண்டாம். ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

"சாப், நம்ம டிராயிங்கெல்லாம் முகம் தெரியாதவன் வீட்டில் போய் உட்காரணுமா? அவனை எப்படி நம்பறது?" என்று மீட்டிங்கில் கேட்டார். முப்பது வருடம் ஆகியும் அவருடைய இந்தியில் மாயவரம் வாடை போகவில்லை. முதல்நாளே அதுவரைக்கும் எழுதி நிரப்பிக் கையோடு கொண்டுபோன ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்தார். "இங்க பாருங்கோ. ஒரு புதன்கிழமை விட்டதில்லை."

ராஜ்வாடே பக்கங்களைப் புரட்டினார். மனிதர் இளகிவிட்டார். சரி, இப்போதைக்கு ரஞ்சன்காவுக்கு வேண்டிய நானூறு டிராயிங்கை மட்டும் வாடகை சர்வருக்கு ஏற்றிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

அந்த வேலைக்கு வாடகை சர்வர் கம்பெனியிலிருந்து தேஜஸ்வினி வந்தாள். இருபத்துநாலு வயது. அப்பா பாதுகாப்புத் துறைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்; பிறந்ததும் படித்ததும் புனேயில்தான். தமிழ் வீட்டோடு சரி. அவள் வந்தது ஒரு புதன்கிழமை. வேலையைத் தொடங்குமுன் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்கிள், லாஸ்ட் டேப் செக் பண்ணீங்கள்ள? அதில்லாம நான் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, எங்க ரூல்."

"எல்லாம் பாத்தாச்சும்மா. ரெஜிஸ்டரப் பாரு."

அவள் பார்த்தாள். போன வாரம் வரை பெரியவர் கையெழுத்து இருந்தது. வேலையைத் தொடங்கினாள். மாலைக்குள் நானூறும் மும்பையிலிருந்த வாடகை சர்வருக்கு ஏறிவிட்டன. ஜம்புநாதன் வழக்கம்போல டேப்பைச் செருகி எடுத்து, சர்வரை அணைத்து, ஆறு மணிக்கு ஸ்கூட்டரை உதைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மின்சாரம் வந்தது. சர்வர் வரவில்லை. அதன் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு ஒரேயடியாக நின்றுபோனது.

டேப் இருக்கிறதே என்று ஜம்புநாதன் பீரோவைத் திறந்தார். கடைசி டேப்பைப் போட்டார். அதில் ஒன்றும் இல்லை. போன மாத டேப்பிலும் இல்லை. ஜனவரி டேப்பும் காலி. வேறு மெஷினில் போட்டுப் பார்த்தார், எல்லாம் காலி. இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் கூரை ஒழுகி, டேப் மெஷின் நனைந்தது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்று துடைத்து வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டார். பீரோவிலிருந்த அத்தனை டேப்புகளும் அதற்குப் பிறகு ஒன்றுவிடாமல் அந்த மெஷினில் மாறி மாறி ஏறி இறங்கியவை.

பழைய டேப்புகளை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினார். முதலாளியிடம் போய், "கடைசி டேப் காலியா இருக்கு சாப்" என்று மட்டும் சொன்னார்.

ராஜ்வாடே குதித்தார். "புதன்கிழமை வரை எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெண் கை வைத்தாள், சர்வரும் போச்சு, டேப்பும் போச்சு. வேறென்ன?" உடனே அவளுடைய மேலதிகாரிக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார். ஜம்புநாதன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதும் ஒரு கையெழுத்துதான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு விஷ்ராந்த்வாடியில் அவர் வீட்டுக் கதவை தேஜஸ்வினி தட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன. மனைவி ரமா நாற்காலியைப் போட்டுக் காப்பி கலக்க உள்ளே போனாள்.

"அங்கிள், திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். நான்தான் மிஸ்டேக் பண்ணேன்னு. அப்புறம் வேலை இருக்காது."

ஜம்புநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ... நீ ஏம்மா அப்படி எழுதணும்?"

"முதல்ல நான் இல்லேன்னுதான் நெனச்சேன். நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். என்ன பண்ணேன்னு மினிட் மினிட்டா எழுதிப் பாத்தேன். ஒண்ணும் புரியல. லேகின்... ஆனா உங்க ரெஜிஸ்டர்ல எல்லாம் ஓகே இருந்துச்சு. நீங்க பாக்காம சைன் போடுவீங்களா? அப்ப நான்தான் ஏதோ தப்பு பண்ணிருக்கணும், இல்ல?" அவள் குரல் உடைந்தது. "ஸாரி அங்கிள். உங்க ஒன்பது வருஷ வேலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. ஜம்புநாதன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். குற்றம் சொல்ல வந்திருந்தால் சமாளித்திருப்பார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறாள்! பாவி, என்ன காரியம் செய்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

ரமா காப்பியோடு வாசலில் நின்றாள். "குடிக்காமப் போயிட்டாளே. ஏன்னா, அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணித்து?"

"அவ ஒண்ணும் பண்ணலை ரமா."

"அப்போ யாரு பண்ணினா?"

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கம்பெனிக்குப் போனதும் பீரோவிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட டேப்புகளையும் ஒரு கூடையில் அள்ளி, முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் ரெஜிஸ்டரை வைத்தார். சாவியையும் இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்தார்.

"சாப், இதெல்லாம் காலி. ரெண்டு வருஷமா காலி. அந்தப் பொண்ணு கம்பெனிக்குள்ள வரதுக்கு முன்னாலேயே காலி. நான் ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலை. சர்வர் டிஸ்க் தானாத்தான் போச்சு, வயசாயிடுத்து அதுக்கு. ரெஜிஸ்டரை கேன்டீன்ல உக்காந்து எழுதினேன். நேத்திக்கே எனக்குத் தெரியும். சொல்லலை."

ராஜ்வாடே ஒரு டேப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டார். பிறகு போனை எடுத்து அந்த மேலதிகாரியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். போனை வைத்தபின் ஜம்புநாதனை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "முகம் தெரியாதவனை நம்ப முடியாதுன்னு சொன்னது நீதானே?"

"நான்தான் சாப்."

மொத்த டிராயிங்குகளில் மிஞ்சியவை மும்பைக்கு ஏற்றிய நானூறுதான். எது வேண்டாம் என்று அவர் மல்லுக்கட்டினாரோ அதுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. மற்றதைப் பழைய காகிதப் பிரதிகளைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஜம்புநாதனை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஏ.சி. அறை ஸ்டோர் ஆயிற்று. வரைகிறவர்கள் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, முடிந்த டிராயிங்கை வாடகை சர்வரில் ஏற்றும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். ஏற்றியதைத் திரும்ப இறக்கி, பல் எண்ணிக்கை முதற்கொண்டு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தேஜஸ்வினிக்குத் தகவல் அனுப்புவார். புதன்கிழமைகளில் வீடு திரும்ப எட்டாகிவிடும். முதுகு வலித்தது. முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

டிசம்பரில் மறுபடி ஆடிட் வந்தது. கேன்டீனில் மேஜைகள் சேர்ந்தன. காசிம் பேனா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சாமி, பிளாக்கா புளூவா?"

"எனக்கு வேண்டாம் காசிம் பாய். என்னோடது வாராவாரம் எழுதியாச்சு."

"இன்னா சாமி, ஊரே எழுதுது. ஒரு கையெழுத்துல இன்னா ஆயிடப் போவுது?"

ஜம்புநாதன் டம்ளரைத் திருப்பி அவர் பக்கமே நகர்த்தினார். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். டிராயிங்க மும்பைல வைக்கட்டும், அமெரிக்கால வைக்கட்டும், எத்தனை புது மெஷின் வேணா வரட்டும். பாக்காமப் போடற கையெழுத்து பொய் சாட்சி பாய். சாட்சி சொன்னது நான். தண்டனை வாங்க இருந்தது ஒரு பாவமும் அறியாத பொண்ணு."

காசிம் கையிலிருந்த பேனாவை மூடினார். தன் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, அளவு பார்க்கும் கருவிகள் இருக்கும் அறைப் பக்கம் மெதுவாக நடந்தார்.