படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

படத்தை எடுத்தது கொசுதான். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இஸ்திரி உருளை சூடு அடங்காமல் கிடந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை இரண்டு பேர் விளிம்பு பிடித்து அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் உருளை நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறது, வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றி மூலையில் போட்டார். போன வாரம் ஒருத்தியின் விரல்கள் உள்ளே போயின. அவளுக்குக் கவனம் போதாது என்று முடித்துவிட்டார்கள். கம்பி இல்லாத அந்த வாயைத்தான் கொசு படம் எடுத்தாள்.

கொசு என்பது அவள் உடம்பைப் பார்த்து சலவை ஆலையில் வைத்த பெயர். போன் அவளுக்குப் புதுசு. உருளையில் அவளோடு ஜோடி சேர்ந்து நிற்கும் அண்ணிதான் ஆலைப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டாள்.

"பேரு சமையல் குறிப்பு. விசில் எட்டிப் பாத்தாலும் காலிஃபிளவர் படம்தான் தெரியும்." விசில் என்றால் சூப்பர்வைசர்.

"எனக்கு எழுத வராதே அண்ணி."

"நீ படம் எடு. எழுத வேற ஆளு இருக்கு. கிழிசல் தைக்கிறவ பேர் தெரியாத கணக்குல இருந்து ஊருக்கே போட்டுவிடுவா. பத்துப் பேரு சேந்து பாறையத் தள்றோம், எந்தக் கை தள்ளிச்சுன்னு யாரு கண்டா?"

"பாறை யார் மேல உருளும் அண்ணி?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி."

சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஆலையைத் திட்டினார்கள். கொசுவுக்குக் கொஞ்சம் பெருமைகூட. அப்போதுதான் அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"படத்தோட ஓரத்தப் பாரு."

பெரிதாக்கிப் பார்த்தாள். கீழ் மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள்.

அவளுடைய கட்டைவிரல். சூட்டுக்காக எல்லாரும் விரலில் துணி சுற்றுவார்கள். ஒருத்தி துணி இன்னொருத்திக்குப் போகக் கூடாது என்று ஆளுக்கொரு நிறம். மகளின் பழைய கவுனைக் கிழித்துச் சுற்றிய அவள் துணி மஞ்சள். துணி சுற்றிய விரலால் தொட்டால் போன் வேலை செய்யாது என்று வலக்கையை மட்டும் அவிழ்த்திருந்தாள். போனைப் பிடித்திருந்த இடக்கையை மறந்துவிட்டாள்.

"அழிக்கச் சொல்லுங்க அண்ணி!"

"அழிச்சாச்சு. எத்தனை பேரு எடுத்து வச்சிருக்காங்களோ. விசில் போட்டத நீ பாக்கலியா?"

ஆலையின் குரூப்பில் இருந்தது: 'நாளை வேலை தொடங்கும் முன் எல்லாரும் கைத்துணியோடு உருளை முன் வரிசையில் நிற்க வேண்டும்.'

மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருந்த புருஷன் போனை வாங்கிப் பார்த்தான். "நம்ம வம்சத்துலயே பேரு வாங்குனது உன் கட்டைவிரல்தான்" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கூலி நின்றால் அடுப்பு அணைந்துவிடும்.

சமையல் குறிப்பில் முதல்முறையாகப் பேசிப் போட்டாள். "எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?"

ஒவ்வொருத்தியாக அந்தக் குரலைக் கேட்டு முடித்தார்கள். அது போனிலேயே தெரிந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது அவள் குரல்.

காலையில் மஞ்சள் துணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். வெறும் விரலே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஆலை வாசலில்தான் உறைத்தது. வேறு நிறம் தேட நேரமில்லை. அண்ணி முகம் கொடுக்காமல் உள்ளே போனாள்.

வரிசையில் நின்றார்கள். உருளை சூடேறிக்கொண்டிருந்தது. விசில் போனும் கையுமாக முதல் ஆளிடம் வந்தார்.

"கையக் காட்டு."

வெறும் கை. அடுத்தவளும் வெறும் கை. அண்ணியும். கொசுவும் கையை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு நகர்ந்தார். கடைசி வரை ஒரு நூல்கூட இல்லை.

"ராத்திரி ஏன் அண்ணி யாரும் ஒண்ணும் சொல்லல?" உதடு அசையாமல் கேட்டாள்.

"குரூப்புல போட்டது அப்படியே நிக்கும்னு நேத்துதான் தெரிஞ்சுது. யாரும் துணி சுத்தாம வாங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். நீ எப்படியும் வெறுங்கையோடதான் வருவ, பயந்தாங்கொள்ளி."

"துணி இல்லையா? சரி," என்றார் விசில். "வெறுங்கையிலயே ஓட்டுங்க."

உருளை சுற்ற ஆரம்பித்தது. விரிப்பின் விளிம்பை யாரும் தொடவில்லை. அண்ணி மூலையில் கிடந்த கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது.

விசில் கத்தவில்லை. அதுதான் கொசுவை உலுக்கியது. அவர் போனை உயர்த்தி, வரிசையின் முனையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். அண்ணி தலையைக் குனியவில்லை.

கொசுவின் முன்னால் வந்து நின்றார். அவள் கண் அவர் விரலைத் தேடியது. ஓரத்தில் கட்டைவிரல் படாமல், கவனமாகப் பிடித்திருந்தார்.